ஜன்னலிலிருந்து மார்க் போட்ட ஸ்விங்கு

கோல்ஃப் மட்டையைத் தொடாமலேயே கோல்ஃப் வாத்தியார்களை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் ஸ்விங்கு. லண்டனில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். "ஸ்விங்கு சார், உங்களைத்தான்" என்று நாங்கள் உசுப்பிவிட வேண்டும்.

அறுபதுகளில், தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். ஆபீசுக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் கம்பெனியின் கோல்ஃப் மைதானம். வெள்ளைக்கார துரைமார் போட்டுவிட்டுப் போனது. ஒன்பது குழி, ஒன்பது கொடி, நடுநடுவே ஊர் எருமைகள். எருமைகள் உள்ளே போகலாம், ஆபீசர்கள் போகலாம். குமாஸ்தாக்கள் கால் வைக்கக் கூடாது.

மாடியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனின் கடைசி மேஜை ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். அந்த மேஜையில் போய் ஸ்விங்குவை உட்கார வைத்தார்கள். அதோடு தபால்களின் கதி முடிந்தது.

பெருங்களத்தூர்க்காரர். முப்பது வயசு, பனைமர உயரம், பிரம்மச்சாரி. கையில் ஸ்கேல் அகப்பட்டால் ஸ்கேலை வீசுவார், குடை அகப்பட்டால் குடையை வீசுவார். கோல்ஃபில் அந்த வீச்சுக்கு ஸ்விங் என்று பெயர், அதுவே அவருக்கும் பெயராயிற்று. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வீசிய வீச்சில், பின்னால் நின்றவருடைய டிபன் கேரியர் பறந்து போய் ஓடுகிற பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்தது. அந்தச் சாம்பார் சாதம் செங்கல்பட்டு வரை டிக்கெட் இல்லாமல் போயிருக்கும்.

ஆபீசர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அவ்வப்போது ஒரு வாத்தியார் வருவார். ஸ்விங்கு ஜன்னலிலிருந்தே அவருக்கு மார்க் போடுவார். அவருக்கு இரண்டே கேள்விதான். "ஆளு என்ன தியரி சொல்றாரு? அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க பந்து எங்க போகுது?"

முதலில் வந்தவர் ரிட்டயரான மிலிட்டரி கேப்டன். ஸ்விங் முழுக்கத் தோளில்தான் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். அவருடைய சீடர்கள் அடித்த பந்தெல்லாம் வலதுபக்கம் வேலி தாண்டி வயலில் விழுந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கிளப்பிய சத்தம் டைப்ரைட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "தியரி பர்ஸ்ட் கிளாஸ். ரிசல்ட்டு சேத்துல" என்றார் ஸ்விங்கு.

அடுத்தவர் பெங்களூர்க்காரர். மூச்சுதான் எல்லாம் என்றார். ஸ்டோர்ஸ் மேனேஜர் மூச்சை இழுத்துப் பிடித்தார், பிடித்தார், பிடித்துக்கொண்டே வெட்டின வாழைபோலச் சாய்ந்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாமவர் இடுப்புதான் என்றார். பாவம், ஒர்க்ஸ் மேனேஜர் வெகுநாள் நண்டு மாதிரி நடந்து ஆபீசுக்கு வந்தார்.

ஒவ்வொரு தடவையும் பியூன் முருகேசன் ஓடி வருவான். "இன்னா சார், இந்த ஆளு பாஸா பெயிலா? சட்டுனு சொல்லு, கேண்டீன்ல அல்லாரும் கேட்டுகினு கீறாங்கோ." தீர்ப்பு மாடியிலிருந்து கேண்டீனுக்கும், கேண்டீனிலிருந்து ஆபீசர்கள் காதுக்கும் போவதற்குள் வாத்தியார் பெட்டி கட்டிவிடுவார்.

நாலாவதாக வந்தவரால்தான் வினை. பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களும் கார்டு என்றே சொன்னோம். அவரிடம் தியரியே கிடையாது. "பந்தைப் பாரு மேன். அடி மேன்." அவ்வளவுதான் பாடம். ஆனால் சீடர்கள் எல்லாரும் தேறினார்கள். ஜென்மத்தில் பந்தைத் தொடாத அக்கவுண்ட்ஸ் ஆபீசர்கூடக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

ஸ்விங்குவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மேஜைக்கு வந்து புலம்பினார். "அது எப்படி மிஸ்? கோயில்ல சாமியே இல்ல, பிரசாதம் மட்டும் நல்லா இருக்குதுன்னா நாம எங்க விழுந்து கும்பிடறது?"

"பிரசாதத்தைச் சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் கார்டே மாடியேறி வந்துவிட்டார். "எல்லாருக்கும் மார்க் போடுற மேன் யாரு?"

ஸ்விங்கு எழுந்து நின்றார்.

"உனக்குத் தியரி இருக்கா மேன்?"

"இருக்கு சார்."

"ஸ்டூடண்ட் இருக்கா? உன்கிட்ட கத்துக்கிட்டவன் பந்து எங்க போகுது? காமி பார்ப்போம்."

ஸ்விங்குவின் சொந்தக் கேள்வியே அவரைப் பிடித்துக்கொண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கையிலிருந்த ஸ்கேல் மெல்ல மேஜைக்கு இறங்கியதைப் பார்த்தேன்.

"நான் இருக்கேன்" என்றேன்.

எல்லா டைப்ரைட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. கார்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெரி குட். கம்பெனி டே அன்னிக்கு வா. என் ஸ்டூடண்ட் ஒரு பந்து, நீ ஒரு பந்து."

கம்பெனி டே அன்று மட்டும் குமாஸ்தாக்களையும் குடும்பத்தோடு மைதானத்துக்குள் விடுவார்கள். அதற்கு இரண்டு மாசம்கூட இல்லை. சாப்பாட்டு வேளையில் கேண்டீனுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் பாடம் ஆரம்பமாயிற்று. ஃபிட்டர் ஒருவர் இரும்புக் கம்பியை வளைத்து மட்டை செய்துகொடுத்தார். வேலி தாண்டி விழுந்த பந்துகளை முருகேசன் பொறுக்கி வந்தான்.

ஸ்விங்குவின் தியரி இதுதான். "மட்டை மேல போனதும் உடனே எறக்கக் கூடாது மிஸ். ஒரு கணம் நிக்கணும். தொட்டிலு அந்தப் பக்கம் போயி, திரும்பறதுக்கு முன்னாடி ஒரு கணம் நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. அவசரப்பட்டா எல்லாம் போச்சு."

முதல் வாரம் முழுக்க நான் முருங்கைக்காய்தான் பறித்தேன். ஒருநாள் என் முந்தானை கம்பியில் சுற்றிக்கொண்டு நானே சுழன்றேன். ஸ்விங்கு சிரிக்கவே இல்லை. என் கையைத் திருத்த வேண்டும் என்றால்கூடத் தொட மாட்டார். நாலடி தள்ளி நின்று தன் கையில் செய்து காட்டுவார். முருகேசனை என் தலைக்குமேல் குடை பிடிக்கச் சொல்லிவிட்டுத் தான் வெயிலில் நிற்பார். அவர் வீட்டு நிலத்து வேர்க்கடலையை வேகவைத்துத் துணியில் முடிந்து கொண்டுவருவார். நான் அம்மா வைத்த மீன்குழம்பில் பாதியைக் கொடுப்பேன். ஒரு மணிக்குச் சங்கு ஊதிவிடும். அந்தச் சங்கின்மேல் எனக்கு இருந்த கோபம் வேறு எதன்மேலும் இருந்ததில்லை.

கம்பெனி டே வந்தது. கார்டின் சீடர் பர்ச்சேஸ் ஆபீசர், வெள்ளைப் பேண்ட், வெள்ளைத் தொப்பி. அவர் அடித்த பந்து கொடிக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழுந்தது. கைதட்டல். அடுத்து நான், நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. அப்பா கூட்டத்தில் தலைகுனிந்து நின்றார். பள்ளிக்கூட வாத்தியார் மகள் இப்படியா என்று அவருக்கு இருந்திருக்கும்.

மட்டையைத் தூக்கினேன். மேலே நிறுத்தினேன்.

"அடி மிஸ்ஸு! இன்னாத்துக்கு நின்னுகினு கீறே?" என்று முருகேசன் கத்தினான்.

இறக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு லேசான சத்தம். பந்து நேராகப் போனது. பர்ச்சேஸ் ஆபீசரின் பந்தைத் தாண்டிக் கொடிக்கு அருகில் புல்லில் உருண்டு நின்றது. மைதானமே கத்தியது. கார்டு தொப்பியைக் கழற்றினார்.

நான் ஸ்விங்குவைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பந்து விழுகிற இடத்தை மட்டுமே பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பந்து எங்க போச்சு மிஸ்?" என்றார்.

சொன்னேன். "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டினார். கார்டு ஓடி வந்து அவர் கையில் மட்டையைத் திணித்தார். "நீயும் ஒண்ணு அடி மேன்!" ஸ்விங்கு செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். அற்புதமாகத் தூக்கினார், நிறுத்தினார், இறக்கினார். பந்து பின்பக்கமாகப் போய் ஏரியில் விழுந்தது. "பார்த்தீங்களா? கோச்சு நல்ல கோச்சு. ஸ்டூடண்டுதான் மோசம்" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்தக் கோடையில் அப்பா எனக்குத் திருச்சியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நல்ல இடம், எங்கள் கிறிஸ்தவ சபைதான். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு ஆபீசே வந்தது. ஸ்விங்கு கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியாமல், எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுந்தார்.

எழுபதுகளில் ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டு, திருச்சி வண்டிக்காகத் தாம்பரம் ஸ்டேஷனில் மகளோடு நின்றிருந்தேன். கூட்டத்துக்கு மேலே அந்தப் பனைமர உயரம் தெரிந்தது. முன்தலை நரைத்திருந்தது. மைதானத்தில் இப்போது ஷெட் போட்டுவிட்டார்கள் என்றார். கார்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். "கல்யாணம்?" என்று கேட்டேன். "பார்த்துக்கிட்டு இருக்காங்க மிஸ்" என்றார், நேற்றுத்தான் பார்க்க ஆரம்பித்தது போல.

வண்டி வருகிற சத்தம் கேட்டது. அப்போது சொன்னார். "நான்கூட ஒருவாட்டி திருச்சி வந்தேன்."

"அப்படியா? எங்க?"

"ஜங்ஷன்ல எறங்குனேன். பிளாட்பாரத்துல ஒரு காபி குடிச்சேன். அடுத்த வண்டியில திரும்பிட்டேன்."

"ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தானே எங்க வீடு! வந்திருக்கலாமே?"

"தெரியும் மிஸ்" என்றார். பிறகு, "காபி நல்லா இருந்துச்சு" என்றார்.

வண்டி வந்துவிட்டது. மகளை முதலில் தூக்கி உள்ளே விட்டார், அப்புறம் பெட்டியை. நான் ஏறிக்கொண்டேன்.

எத்தனை அவசரமாக இருந்தாலும், திருச்சி ஜங்ஷனில் கால் வைத்தால் அந்தக் காபிக் கடை முன்னால் நிற்கிறவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் வெளியே வருகிறேன்.