இரண்டு கோடு

முள் மறுபடியும் இரண்டு கோடு தள்ளித்தான் நின்றது.

அவள் துளையின் உள்ளளவு பார்க்கும் போர் கேஜை வெளியே உருவினாள், துடைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப விட்டுப் பார்த்தாள். ஆள் முகம் பார்த்துப் பேசத் தெரியாத கருவி அது. அதே இரண்டு கோடு. ஷாஃப்ட் என்னும் தண்டு நுழைந்து சுழலும் குட்டை இரும்புக் குழலான புஷ்ஷின் துளை இருக்கவேண்டியதைவிடத் தலைமுடியில் கால்வாசி பெரிது.

பட்டறையில் அளவு சரிபார்ப்பது அவள் வேலை; அங்கே அவளுக்கு 'டிகிரி' என்று பெயர். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தர உத்தரவா, வீட்டுக்குப் போவதா என்று அன்றைக்குத் தெரியும். அம்மாவோ, உத்தரவு கைக்கு வந்துவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

கேஜ் கெட்டுப்போயிருக்கும் என்றார் லேத் ஓட்டும் அண்ணன்.

கேஜ் கெடவில்லை. அதற்குத் தானாக எதுவும் தெரியாது. சரியான அளவுள்ள மாஸ்டர் வளையத்துக்குள் விட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திக் கொடுத்தால்தான் அது மற்றத் துளைகளை அளக்கும். அன்று காலைதான் புது வளையம் வந்து, அதில் முள்ளை நிறுத்தியிருந்தாள். சந்தேகத்தில் பழைய வளையத்தை அளந்தாள். அதன் உள்பக்கமே இரண்டு கோடு பெருத்திருந்தது. இதை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எட்டு வருஷமா, சனிக்கிழமை தவறாம, உள்ள உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெச்சிருக்கேன். ஒரு பொட்டுத் துரு காட்டு பாப்போம்."

அவள் அந்தப் பளபளப்பைக் கழிவுக் குவியலில் வீசிவிட்டு முதலாளியிடம் போனாள்.

எட்டு வருடமாக ஒரு புகார்கூட வந்ததில்லை என்றார் அவர். வாங்கும் கம்பெனி கொடுத்த வரைபடத்தில் ஓர் அளவு, துளையில் ஓர் அளவு என்றால் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள் அவள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இனி உன் அளவுப்படியே நடக்கட்டும், ஏதாவது ஆச்சென்றால் உன் தலை என்றார். அந்த வார ஆர்டரின் முந்நூறு புஷ்ஷும் வரைபடம் சொன்ன அளவில் கடைந்து புதன்கிழமை லாரி ஏறின.

வியாழன் காலை அதே லாரியில் திரும்பி வந்தன. ஒன்றில்கூட ஷாஃப்ட் நுழையவில்லையாம்.

துளை பெரிதாகவே வந்துகொண்டிருந்ததால், வாங்கும் கம்பெனிக்காரர்கள் மூச்சுக்காட்டாமல் தங்கள் ஷாஃப்டையும் இரண்டு கோடு பருக்க வைத்திருந்தார்கள். இரண்டு தப்பும் எட்டு வருடம் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நடுவில் புகுந்து நியாயம் பேசியவள் இவள்தான்.

முதலாளி அரைமணி நேரம் டெலிபோனில் வாங்கிக் கட்டிக்கொண்டார். வைத்தவுடன், இனி அங்கிருந்து போன் வந்தால் ஒருத்தரும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னது சரிதான். சரியா இருந்து என்னத்தக் கண்டோம்? முந்நூறையும் பழைய அளவுக்குப் பெருசாக்கு."

"கடைஞ்சு எடுத்த இரும்பத் திரும்ப ஒட்டவைக்க முடியாது சார்."

"உன்ன யாரு ஒட்டவைக்கச் சொன்னா?"

பழைய அளவுக்குப் பழைய வளையம் வேண்டும். கழிவுக் குவியலில் முட்டி போட்டு, இரும்புச் சுருள் விரலைக் கிழிக்கக் கிழிக்கத் தேடி எடுத்தாள். அண்ணன் அதைப் பிள்ளையைப் போல வாங்கி, ஒட்டியிருந்த அழுக்குப் போக உப்புத்தாளால் இன்னொரு தேய் தேய்த்துக் கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து லேத் ஓடியது. டெலிபோனும் ஓயாமல் அடித்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை. அடிக்க அடிக்க, ஒவ்வொரு துளையாக வாயை அகட்டிக்கொண்டது.

சாயங்காலம் முதலாளி மேசைமேல் இரண்டு தாளை வைத்தார். ஒன்று நிரந்தர உத்தரவு. மற்றொன்று, முந்நூறும் வரைபட அளவில் இருப்பதாகச் சொல்லும் சோதனை அறிக்கை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உத்தரவை எடுத்துக்கொள் என்றார்.

அவள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் கை அது. போட்டது.

உத்தரவை மடித்துப் பையில் வைக்கும்போது லாரி டிரைவர் உள்ளே வந்தார். குனிந்து ஒரு புஷ்ஷை எடுத்து விரலால் தடவினார். ஈரம் காயாத எண்ணெய்.

"இதையெல்லாம் மறுபடி கடைஞ்சிட்டீங்களா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

டிரைவர் புஷ்ஷை மெல்லக் கீழே வைத்தார். "அந்தக் கம்பெனியிலயும் உங்கள மாதிரி ஒரு படிச்ச பொண்ணு இருக்கும்மா. உங்க துளைதான் சரின்னு ஒத்தையா நின்னு சண்டை போட்டு, நேத்தே அத்தனை ஷாஃப்டையும் ரெண்டு கோடு இளைக்க வெச்சிடுச்சு. புஷ்ஷத் தொடாதீங்கன்னு சொல்லத்தான் காலையிலேருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கு."