முகத்தில் விழிக்காமல்

மகளின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று வாசற்படியில் நின்று சொன்னவர் அவர். சொன்ன நாளிலிருந்து விழிக்கவும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். அச்சேறிய வாக்கியத்தில் பிறகு கை வைக்கக்கூடாது என்பது தொழில் பழக்கம். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை.

குழந்தையின் முகத்தைப் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சபதத்தில் இருந்த அந்த ஓட்டையை அவரே கண்டுபிடித்தார்.

மனைவி தினமும் போனில் பேத்தியைக் கொஞ்சுவாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரே பக்கத்தைப் பிடித்தபடி இருப்பார்.

"பல்லு வந்திருக்குங்க. பாக்கறீங்களா?"

"எனக்கென்ன வந்தது?"

"உங்களுக்கு வரல. குழந்தைக்குத்தான் வந்திருக்கு."

நூலகத்தின் பின்னறையில் போன் வகுப்பு நடந்தது. கரண்ட் பில், ஓய்வூதியம் என்று ஒவ்வொரு கவுண்டராக மூடி எல்லாவற்றையும் போனுக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்குள் நுழையத் தெரியாமல் வெளியே நின்றவர்களுக்காகத் தெருக்காரர்களே சேர்ந்து தொடங்கியது. கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுத்தர வேண்டும், ஃபீஸ் அவ்வளவுதான். மனைவி போன வருஷம் அங்கேதான் கற்றாள். அப்போது கேலி செய்தவர், இப்போது வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர், இறந்துபோன தம்பியின் படத்தைத் தேடிப் போன் திரையை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். அறையில் யாரும் அவசரப்படவில்லை.

இவருக்குக் கற்றுத்தர வாய்த்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"என்ன சார் கத்துக்கணும்? கரண்ட் பில்லா?"

"வீடியோல கூப்பிடணும். அவங்க எனக்குத் தெரியணும். நான் அவங்களுக்குத் தெரியக்கூடாது."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா சார்?"

"பேத்தியப் பாக்கய்யா!"

"பேத்தியப் பாக்க ஒளிஞ்சு நிப்பாங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றார் கண்டக்டர். அடுத்த வகுப்பில் சொல்லித் தந்தார். கேமரா படத்தின் மேல் ஒரு தட்டு. அதன் குறுக்கே கோடு விழும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். நிம்மதியா பாருங்க சார்."

மறுநாள் மனைவி குளிக்கப் போனாள். போன் பூட்டுகூட இல்லாமல் கட்டிலில் கிடந்தது. தன் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். கூப்பிட்டார், தட்டினார், கோடு விழுந்தது. மகளின் முகம் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். சபதம் சபதம்தான். குழந்தையின் சத்தம் கேட்டதும் திறந்தார்.

போர்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பற்கள். காதுகள் அவருடையவை, ஒரு பிழையும் இல்லாத மறுபதிப்பு.

எவ்வளவு நேரம் பார்த்தாரோ.

"அப்பா," என்றாள் மகள்.

அவர் மூச்சை அடக்கினார்.

"கேமராவ அணைச்சிட்டீங்க. மைக் ஓடிட்டிருக்கு. நீங்க அழறது கேக்குது."

"ஜலதோஷம்," என்றார்.

போன் அவள் பக்கம் திரும்பியது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா, குரலில் பிடிபடவில்லை. பார்த்தால்தான் தெரியும். பார்த்தார். இரண்டும்தான்.

"கண்டக்டர் மைக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்லமாட்டார்ப்பா. அவருக்குப் போன் கத்துக்கொடுத்ததே அம்மாதான். மைக்கை மட்டும் எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லித் தராதீங்கன்னு சொல்லி வெச்சதும் அம்மாதான்."

குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் இதுவரை வரவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மைக்கை எப்படி அணைக்கறதுன்னு சாயங்காலம் நானே சொல்லித் தரேன். இப்ப பேசுங்க."