தீக்குச்சி மாத்திரை

உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்து, வாயைத் திறந்தால் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரிந்தது பிச்சையாவுக்கு. தாராவி தோல் பட்டறையில் ஊறின மாட்டுத்தோலை ஒற்றை ஆளாய்த் தூக்கினவன். அறுபத்தாறாம் வருஷத்து ரேஷனில் வெறும் கோதுமைக் கஞ்சியாய்க் குடித்து, இப்போது படியேறவே மூச்சு வாங்கினான்.

முதலாளி அவனைச் செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் சீட்டுக் கொடுத்தால்தான் மறுபடி வேலை.

டாக்டர் இந்தியில் சொன்னதை ஆயா சொர்ணம்மாள்தான் அவனுக்குப் புரியும்படி சொன்னாள்.

"உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அடுப்பு கோடிக்கணக்குல எரியுதாம் தம்பி. நீ குடிக்கிற கஞ்சி விறகு. தீக்குச்சி இல்லாம விறகை அடுக்கி என்ன செய்ய? இந்த மாத்திரைதான் தீக்குச்சி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அடுத்த திங்கக்கிழமை ஒரு பாட்டில்ல ஒண்ணுக்குப் பிடிச்சுக்கிட்டு வா."

பிச்சையா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வேலை போனால் பெண்டாட்டி பூமாரி காதில் கிடக்கிற குந்துமணித் தங்கமும் போய்விடும். மறுநாள் பொதுக் கக்கூஸில் குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மஞ்சள்பொடியைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது.

"காமாலை" என்றாள் பூமாரி. அதற்கு அப்பீல் கிடையாது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் கீழாநெல்லி வாங்கி அரைத்துக் கொடுத்தாள். உப்பு, எண்ணெய், கருவாடு எல்லாம் நின்றது. மஞ்சள் மட்டும் அசையவில்லை. தீக்குச்சி பத்தவில்லை என்று பிச்சையாவே முடிவுகட்டி, மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கினான். அதற்கப்புறம் ஒண்ணுக்கு தங்க ஜரிகையாய்ப் போனது.

காமாலைக்காரனுக்கு எந்த டாக்டர் சீட்டுக் கொடுப்பான்? ஞாயிறு சாயங்காலம் பக்கத்து வீட்டு கலீலுல்லாவிடம் போனான். பெல்ட் தைக்கிற மனுஷன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. விஷயத்தைக் கேட்டு பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனாலும் விடிந்ததும் பாட்டிலோடு வந்து நின்றார்.

"உமக்காக நாலு செம்பு தண்ணி குடிச்சேன் வே. குழாயில பிடிச்ச மாதிரி இருக்கு, பாரும்."

டாக்டர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீட்டை எடுத்த கை அப்படியே டிராயருக்குத் திரும்பியது. மாத்திரையை எந்தக் கடையில் விற்றாய் என்று கேட்டார். பிச்சையா பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலில் சொர்ணம்மாள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாயை உற்றுப் பார்த்தாள்.

"புண்ணு ஆறியிருக்கு. அப்ப மாத்திரை உள்ளதான் போயிருக்கு. தின்னவனுக்கு ஒண்ணுக்கு மஞ்சளாத்தான் போகும் தம்பி. விக்காமத் தின்னானான்னு பாக்கத்தான் பாட்டிலே கேக்காரு. இது எவனுதோ. உன்னுது ஒரு பாட்டில் பாக்கி."