குதி என்றால் குடிக்கும் ஆடு

புது மருமகள் குரலை உயர்த்தக்கூடாது என்று சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து புத்தி சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தார்கள். குரலை உயர்த்தினால்தான் சம்பளம் என்கிற வேலையில் இருப்பவள் என்ன செய்வாள் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது நான் சென்னையில், செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். விளையாட்டு வெளிவரும் முன்பு அதை ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. (விளையாடுவதற்குச் சம்பளமா என்று பெருமூச்சு விடுபவர்கள், ஒரு பொம்மையை ஒரே சுவரில் நாள் முழுக்க முட்டவிட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.)

அந்தச் சமயத்தில் எங்கள் கையில் இருந்தது ஒரு மலை ஆடு. பட்டன் கிடையாது, திரையைத் தொடவும் வேண்டாம். எல்லாம் வாயால்தான், அதுவும் தமிழில். "நட" என்றால் நடக்கும், "நில்" என்றால் நிற்கும், "குதி" என்றால் பாறைக்குப் பாறை தாவும். வழியில் சுனை வந்தால் "குடி" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்துத் தெம்பாகிவிடும். அளவுக்கு மீறிக் குடித்தால் வயிறு ஊதிப்போய், தாவ முடியாமல் பள்ளத்தில் விழும்.

சிக்கல் என்னவென்றால், ஆட்டுக்குக் காது மந்தம். நான் "குதி" என்றால் அதற்குக் "குடி" என்றே கேட்டது.

இந்த ஆட்டையும் போனுக்குள் கட்டிக்கொண்டுதான், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கணவரின் மலைக் கிராமமான கரடியூருக்குப் போனேன். காப்பியும் மிளகும் விளைவிக்கும் குடும்பம். கணவர் சரவணன் பரம சாது. எங்கள் கல்யாண வரவேற்பில் கொடுத்த சோடாவையே, மூக்கில் ஏறும் என்று வேண்டாமென்றவர்.

போன மறுநாள் மதியம் என்னைப் பார்ப்பதற்காகச் சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அன்றைக்கே ஆட்டைப் பற்றிய ரிப்போர்ட்டையும் அனுப்பியாக வேண்டும். நான் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆட்டுக்கு நெட் தேவை. வீட்டில் பேருக்குக்கூட டவர் இல்லை. வியூ பாயின்ட்டில் நன்றாகக் கிடைக்கும், விருந்துக்குள் வந்துவிடலாம் என்று சரவணன் கூட்டிப்போனார்.

அவர் போய் ஓரத்துக் கம்பியைப் பிடித்து எட்டி, கீழே பள்ளத்தில் கிடந்த மூடுபனியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்து, வெயிலுக்குத் திரை தெரியாததால் போனை மடியில் வைத்துச் சால்வையால் சுற்றி மறைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் வெளிச்சத்தமே நுழையாத இயர்போன். அக்கம்பக்கத்தில் ஒரு கொய்யாப்பழக்கார அம்மாவும், சேலத்திலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பமும் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெண், அவளுக்கு எதிரே பள்ளத்தை எட்டிப் பார்க்கும் அவள் புருஷன். அவ்வளவுதான்.

"நட. இன்னும் முன்னாடி போ. நில். குதி."

ஆடு தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது.

"குடிக்காதே. குதி."

மறுபடியும் குடித்தது. வயிறு ஊதத் தொடங்கியது.

"காலையிலருந்து குடிச்சுக்கிட்டே இருக்கியே, வயிறு வெடிச்சிடாதா. ஒழுங்கா குதி."

குடித்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய், உன்னால என் வேலையே போயிடும்டா. செத்தாலும் பரவாயில்ல, ஒரே ஒரு தடவை குதிச்சுத் தொலை." (ஆட்டுக்கு மூன்று உயிர். இது வேனில் வந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.)

ஏதோ ஓடுவதுபோல் தெரிந்து நிமிர்ந்தேன். கொய்யாப்பழக்கார அம்மா சரவணனின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். வேன் டிரைவர் ஒரு தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் இயர்போனைப் பிடுங்கினேன்.

"வேண்டாஞ் சாமி. பொஞ்சாதி ஆயிரஞ் சொல்லும். அதுக்காக உசுர உடறதுங்களா" என்றார் அந்த அம்மா.

"போ... போட்டோங்க. நா... நான் போட்டோ..." என்றார் சரவணன். பதற்றம் வந்தால் அவருக்கு நாக்குக் குழறும். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

டிரைவர் அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். "வாசமே வரலீங்க. ஏலக்காய் மென்னிருப்பாராட்ட இருக்குது."

நான் ஓடிப்போய், "அவரைச் சொல்லலீங்க, ஆட்டைச் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா நாலா பக்கமும் பார்த்தார். "ஆட்டக் காணோமுங்களே."

"இதுக்குள்ள இருக்குங்க" என்று போனை நீட்டினேன். அதற்குள் ஆடு கடைசி உயிரையும் விட்டு விழுந்து ஆட்டமே முடிந்திருந்தது. திரையில் வெறும் பள்ளம். அந்த அம்மா திரையிலிருந்த பள்ளத்தைப் பார்த்தார். கம்பிக்கு அப்பாலிருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் தாழ்ந்த குரலில், "அம்மிணியும் குடிச்சிருக்குதுங்க" என்றார்.

வேனிலேயே ஏற்றி எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சரவணன் வழியில் குதித்துவிடாமல் இருக்க நடு சீட்டு, பக்கத்தில் காவலுக்குக் கொய்யாப்பழக்கார அம்மா. வாசலில் இறங்கியதுமே, விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி அந்த அம்மா நடந்ததைச் சொல்லி முடித்தார். மாமியார் கையில் கரண்டியோடு வந்து நின்று என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அடுத்த பஸ்ஸில் சேலம், அங்கிருந்து ரயிலில் சென்னை என்று மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

சரவணனின் பெரியப்பா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கை போட்டார். ஊரில் யார் வழி தவறினாலும் புத்தி சொல்வது அவர்தானாம். சரவணன் வாயைத் திறக்கப் பார்த்தபோதெல்லாம், "நீ பேசாத கண்ணு, நாக்குக் குழறுது" என்று அடக்கினார்.

எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. டிரைவரின் போனில் வேறு கம்பெனி சிம், அதில் டவர் இருந்தது. அவரிடம் கெஞ்சி நெட் வாங்கி, விளையாட்டை மறுபடி திறந்து, இயர்போனைக் கழற்றிவிட்டு, போனை நடுக்கூடத்து ஸ்டூலில் வைத்தேன். ஆடு சுனைக்குப் பக்கத்தில் நின்றது. வாயைத் திறந்து நான் விளக்குவதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்.

"இனிமேலு குடிக்காத சாமி."

போனிலிருந்து களக் களக் என்று சத்தம் வந்தது. பெரியப்பா நிறுத்தினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குடிச்ச குடும்பம் எதாச்சும் உருப்பட்டிருக்குதா."

களக் களக்.

எல்லாத் தலைகளும் ஸ்டூல் பக்கம் திரும்பின. பெரியப்பா எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, ஆட்டிடமே நேராகச் சொன்னார்: "குடிக்காத."

அது அவர் முகத்தைப் பார்த்தபடியே குடித்தது.

"ஏம்மிணி, சொன்னதுக்கு நேர்மாறாச் செய்யுதே இது."

"இதைத்தாங்க பெரிய மாமா நான் அங்க உக்காந்து திட்டிட்டிருந்தேன்."

முதலில் சிரித்தது மாமியார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது. நல்லவேளை, சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். கொய்யாப்பழக்கார அம்மா சரவணனிடம், "நாந்தான் நொம்ப அழுத்திப் புடிச்சுட்டனுங்களா" என்று கேட்டார். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே இல்லை என்றார்.

அதற்குப் பிறகு சாப்பாடு எங்கே. ஆளாளுக்கு ஒரு தடவை அந்த ஆட்டை அதட்டிப் பார்த்தார்கள். ஒருவழியாகப் பந்தி போட்டபோது வேனில் வந்த குடும்பமும் எங்களோடு உட்கார்ந்தது. (இலையில் விழுந்ததும் ஆடுதான். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.) டிரைவரின் நெட்டிலேயே ரிப்போர்ட்டை அனுப்பினேன். கம்பெனியில் "குதி"யை எடுத்துவிட்டு "தாவு" என்று மாற்றினார்கள்.

இப்போது நாங்கள் கரடியூரிலேயே இருக்கிறோம். வீட்டிலும் டவர் வந்துவிட்டது. அறைக்குள் உட்கார்ந்து இதே வேலையைத்தான் பார்க்கிறேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மாமியார் கதவோரம் தலையை நீட்டுவார்.

"கண்ணு, இது ஆட்டுக்கா, எம்பையனுக்கா?"

ஆட்டுக்கு என்றால் போய்விடுவார். "உங்க பையனுக்குத்தாங்க அத்தை" என்றால், கதவை நன்றாகத் திறந்து வைப்பார்.

"அப்ப இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அவனுக்கும் ஒருக்காச் சொன்னாக் கேக்காது."