அடுகோடி நெபிவோதாக்கள்

உக்ரேன் தேசத்திலேயே அருகிப்போன ஒரு குடும்பப் பெயரை, பெங்களூர் அடுகோடியில் தனி ஆளாக நின்று தழைக்க வைத்தவர் எங்கள் ஆபீஸ் முழுப்பேர். நெபிவோதா என்பது அந்தப் பெயர். சிரிக்காதீர்கள். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி நானும் ஒரு நெபிவோதாதான். அரக்கோணத்தில் பிறந்த நெபிவோதா.

முழுப்பேர் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பட்டம். பெங்களூர் மர்பி டவுன்காரர். சித்திரை வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர் போடுவார். ஜெர்மனிக் கம்பெனி ஒன்றின் கணக்கு வழக்குகளைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் தொழில். அதில் வருகைப் பதிவு, சம்பளம், ஐடி கார்டு எல்லாம் அவர் பொறுப்பு. யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "முழுப்பேர் சொல்லுங்க." வடை கொண்டுவருகிறவரின் முழுப்பேரைக் கேட்காமல் வடையைத் தொடமாட்டார். என் அம்மா எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டால் நடக்கும் கூத்து இது:

"செல்வி இருக்காளாங்க?"

"எந்த செல்வி?"

"எம் பொண்ணுங்க."

"நீங்க யாரு? முழுப்பேர் சொல்லுங்க."

"ஐயோ, மீட்டர் ஓடுதுங்க!"

"ஓடட்டும்மா. மீட்டரு ஓடும், பேரு நிக்கும்."

ஒருமுறை பேன்ட்ரியில் ஒயர் புகைந்து யாரோ "தீ! தீ!" என்று அலற, இவர் நாற்காலியை விட்டு எழாமல், "யாருப்பா கத்தறது? முழுப்பேர்?" என்று கேட்டாராம். அன்று நான் லீவு. ஆனாலும் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஜெர்மனிக்காரர்களின் புது சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது. அவர்களுடைய வேலையைச் செய்கிற எல்லோரும் அதில் ஏற வேண்டும். குடும்பப் பெயருக்கென்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் சம்பளம் போகாது. கௌடா, ராவ், ஷெட்டி எல்லாரும் ஒரே நாளில் ஏறிவிட்டார்கள். தமிழ் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். எங்களிடம் இருந்ததோ ஆளுக்கொரு இனிஷியல். ஒற்றை எழுத்தையும் புள்ளியையும் அந்த மிஷின் மதிக்கவே இல்லை.

ஊரில் மற்ற ஆபீஸ்கள் செய்ததைத்தான் அவரும் முதலில் செய்தார். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார். முதலில் ஏறியவன் ஆம்பூர் முருகன். அவன் அப்பா காத்தவராயன் காலமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் ஜெர்மனியிலிருந்து முருகனுக்குப் போன் வந்தது. அங்கே ஆளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "வணக்கம் காத்தவராயன், நலமா காத்தவராயன்?" என்று ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. முருகன் எழுந்து, மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

முழுப்பேர் பின்னாலேயே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போய்ச் சேர்ந்த மனுஷன வேலைக்குக் கூப்ட்டு வச்சிட்டேன் செல்வி. இனிமே யாரோட அப்பா பேரும் இந்த மிஷின்ல ஏறாது."

"அப்ப எங்க சம்பளம், சார்?"

"அதுக்குப் பேருதானே வேணும்? அதோட பேரையே அதுக்குக் குடுத்துடறேன்."

சாஃப்ட்வேரோடு கூடவே, மாதிரிக்காக ஒரு ஆளின் விவரமும் வந்திருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நெபிவோதா என்று போட்டிருந்தது. மிஷின் ஏற்கெனவே விழுங்கிய பெயர், எத்தனை தடவை ஊட்டினாலும் துப்பாது என்பது அவர் கணக்கு. துப்பவில்லை. சாயங்காலத்துக்குள் முருகன் நெபிவோதா, செல்வி நெபிவோதா, அந்தோணி நெபிவோதா, காதர் நெபிவோதா என்று நாங்கள் எல்லோரும் உடன்பிறப்புகள் ஆனோம். சம்பளமும் ஒன்றாம் தேதி டாணென்று விழுந்தது.

பெயர் ஐடி கார்டிலும் ஏறியது. அங்கிருந்து ஊருக்குள் இறங்கியது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் சுற்றி வளைத்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார் அல்லவா? அந்தோணி பதில் சொல்லாமல் கார்டை நீட்டினான். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். ஒன்றும் பிடிபடாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே எங்கள் ஆட்கள் இன்னும் நான்கு பேர் அதே வழியில் வீடு பிடித்தார்கள்.

எனக்குத்தான் அந்தப் பெயரால் ஒரு வரன் போனது. என்னைப் பெண் பார்த்தவர்கள் ஆபீஸுக்கு வந்து விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, சுவரில் இருந்த வருகைப் போர்டில் எங்கள் பெயர்களைப் படித்துவிட்டு முழுப்பேரிடம் போனார்.

"இவங்கள்லாம் எந்த ஊர்ப் பக்கம்? நம்மளோட பொண்ணு கொடுக்கல் வாங்கல் உண்டுங்களா?"

"தாராளமா உண்டும்மா. முப்பது பேருக்கு மேல இருக்காங்க, அத்தனையும் தங்கமான புள்ளைங்க. உங்க முழுப்பேர் என்னா?"

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து தகவலே இல்லை. அந்த மாப்பிள்ளை பேசும்போதெல்லாம் தன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் எனக்கு வருத்தமும் இல்லை.

வினை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒரே குடும்பத்தில் முப்பது சம்பளம் போவதை அங்கே யாரோ கவனித்துவிட்டார்கள். இல்லாத ஆட்களின் பெயரில் பணம் வாங்குகிறோமோ என்று சந்தேகம். நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாக மெயில் வந்தது. எங்கள் மேனேஜர் காமத் மங்களூர்க்காரர். கோபம் வந்தால் அவர் தமிழுக்குள் கன்னடம் புகுந்துவிடும். முழுப்பேரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஏன்ரீ இது? ஒரே ஆளு முப்பது சம்பளம் தூக்கறான்னு நெனச்சிருக்காங்க!"

"எல்லாருக்கும் கை கால் இருக்கு சார். வந்து பாக்கட்டும்."

"பாக்கட்டும்ரீ. அவங்களுக்குச் சமாதானம் ஆகலேன்னா காண்ட்ராக்ட் போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க."

ரிட்டயர் ஆகச் சில வருஷமே பாக்கியிருந்த மனிதர். அந்த வயதில் வெளியே போனால் வேறு எங்கே வேலை கிடைக்கும்? அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் முழுப்பேர் கேட்கவில்லை. வடையைச் சும்மா வாங்கித் தின்றார். அதைப் பார்க்க எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

வந்தவர் தாடி வைத்த நெட்டை மனிதர். வாசலில் முழுப்பேர்தான் நின்றார். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"உங்கள் முழுப்பெயர்?"

"போக்தான் நெபிவோதா."

ஆபீஸில் இருந்த நெபிவோதாக்கள் அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பினோம். முழுப்பேர் மட்டும் அசராமல் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"எந்த நெபிவோதா? இங்கே முப்பது பேர் இருக்கிறார்களே."

விஷயம் இதுதான். அந்த சாஃப்ட்வேரை எழுதியவரே அவர்தான். மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று தன் பெயரைத் தட்டியிருக்கிறார். உக்ரேனிலிருந்து ஜெர்மனிக்குப் பிழைக்க வந்தவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. தன் பெயர் இந்தியாவில் இத்தனை பேருக்கு இருப்பதைப் பார்த்ததும், நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

காமத் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். முழுப்பேர் அவரை முந்திக்கொண்டு, முருகனையும் காத்தவராயனையும் பற்றி ஒன்று விடாமல் தன் மர்பி டவுன் இங்கிலீஷில் சொன்னார். கடைசியில், "தப்பு என்னுடையது. இந்தப் பிள்ளைகள் நிஜம்" என்றார்.

போக்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தன் பெயரின் கதையைச் சொன்னார். பழைய காலத்தில் அவர் நாட்டில் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் குதிரைப் படையில் போய்ச் சேருவார்களாம். பழைய பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கூட இருக்கும் தோழர்கள் ஆளைப் பார்த்து ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். குமாஸ்தா அதை எழுதிக்கொள்வார். சாராயத்தைத் தவிர வேறெதையும் தொடாத ஒருவனுக்கு வைத்ததுதான் நெபிவோதா. தண்ணீர் குடிக்காதவன் என்று அர்த்தம்.

"எங்கள் முன்னோருக்கும் ஒரு ஆபீஸ்காரர் எழுதிக் கொடுத்த பெயர்தான் இது" என்று முழுப்பேரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சீட் சீட்டாகப் போய் எங்கள் ஒவ்வொருவரிடமும் முழுப்பேர் கேட்டுக் கைகுலுக்கினார். முருகனிடம் வந்தபோது கையை விடவே இல்லை.

ராத்திரி மர்பி டவுனில் சாப்பாடு. நாங்களும் நாலைந்து பேர் கூடப் போனோம். முழுப்பேர் வீட்டம்மா வைத்த மீன் குழம்பின் காரத்தில், நெபிவோதா வம்சத்திலேயே முதல்முறையாக ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

காண்ட்ராக்ட் தப்பியது. முழுப்பேரின் வேலையும் தப்பியது. போக்தான் ஊருக்குப் போனதும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் சம்பளம் போகும்படி மாற்றி எழுதி அனுப்பினார். முழுப்பேர் ஒவ்வொருவரிடமும் வந்து, "பேரை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அவர் ரிட்டயர் ஆனபோது, ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுக்க அல்சூரில் பாத்திரக் கடைக்குப் போனோம். பெயர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருக்குங்க? முழுப்பேர் சொல்லுங்க" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊரையே கேட்ட மனிதரின் முழுப்பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"முழுப்பேர் நெபிவோதான்னு வெட்டுங்க" என்றான் முருகன். "கீழ, குடும்பத்தார்னு போடுங்க."

மறுநாள் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பெரியவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?