ஐந்தில் இரண்டு

சஹ்லா பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதி முடித்தபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் தர வகுப்பின் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு ஸுல்பிகா ரீச்சர் உட்கார்ந்திருந்தார். கல்வியியற் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த சஹ்லாவுக்கு அவர்தான் வழிகாட்டி. பாடத்தை இருவரும் சேர்ந்தே ஆயத்தம் பண்ணுவார்கள். ஒருவர் படிப்பிக்க மற்றவர் பார்ப்பார். பிறகு உட்கார்ந்து கதைத்துத் திருத்துவார்கள்.

முன் வாங்கில் ஸம்றா எழும்பினாள்.

"ரீச்சர், அரை ரொட்டி கையில இரிக்கக்கொள்ள இன்னும் கொஞ்சம் தந்தா கூடத்தானே வேணும்? இது அரையவிடக் குறையுதே!"

சஹ்லா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி வைத்திருந்தாள். காது மடல் சுட்டது.

"கெட்டிக்காரி!" என்றாள். "நான் வேணுமெண்டுதான் பிழையா எழுதினன். ஆரு கண்டுபுடிக்கிறண்டு பாத்தன்."

வகுப்பு கைதட்டியது. பாடம் முடிந்ததும் ஸுல்பிகா ரீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்! இவ்வளவு காலமா படிப்பிக்கிறன், எனக்கு இப்படியொண்டு தோணல்லயே மகள். எங்க படிச்சீங்க?"

"சும்மா... வந்திச்சி ரீச்சர்."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

இடைவேளைக்குள் சஹ்லாவின் புது முறை பற்றி ஆசிரியர் அறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் விஞ்ஞானம் படிப்பிக்கும் நஸீம் சேரும் அதே முறையில், கடல் தண்ணீரில் உப்பே இல்லை என்று எட்டாம் தரத்துக்குச் சொன்னார். ஒருவரும் பிழை பிடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த நாள் காலை சாய்ந்தமருதிலிருந்து ஒரு பிள்ளையின் தகப்பன் வந்தார். கடல் தொழிலாளி. கையில் ஒரு போத்தல்.

"சேர், இதுல ஒரு மிடறு குடிச்சிப்போட்டு மறுகா சொல்லுங்க."

"இது என்ட யோசனையில்ல," என்றார் நஸீம் சேர். "சஹ்லா ரீச்சர்ட முறை."

அதிபர் தகப்பனைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "முறையில பிழையில்ல. செய்யத் தெரியாமச் செஞ்சதுதான் பிழை. சஹ்லா ரீச்சரே எல்லாருக்கும் செஞ்சு காட்டட்டும்."

ஆசிரிய ஆலோசகர் அழகரெத்தினம் சேருக்கும் அழைப்புப் போனது.

சஹ்லா ஸுல்பிகா ரீச்சரைத் தனியே பிடித்தாள். "ரீச்சர், அது உண்மையிலேயே என்ட முறையில்ல..."

"தெரியும் மகள். உங்களுக்குப் பெருமையடிக்கிறது புடிக்காது."

செய்துகாட்டும் நாளும் வந்தது. வகுப்பின் பின்புறம் முழுக்க ஆசிரியர்கள். நல்லதொரு பிழையை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தாள் சஹ்லா. ஆனால் பயத்தில் கை சரியான விடையையே எழுதித் தொலைத்தது. பிள்ளைகள் அதில் பிழை தேடித் தேடி வியர்த்தார்கள். கடைசி வாங்கில் ஸுல்பிகா ரீச்சர், பெற்ற மகளைப் பார்ப்பதுபோல் பூரித்துப்போய் இருந்தார்.

அந்த முகத்தைத்தான் சஹ்லாவால் தாங்க முடியவில்லை. சோக்குக் கட்டியை மேசையில் வைத்தாள்.

"நான் ஒண்டு சொல்லணும்." "அண்டைக்கு நான் வேணுமெண்டு பிழை விடல்ல. தெரியாமத்தான் பிழை போச்சு. வெக்கத்துல பொய் சொல்லிட்டன். முறையெண்டு ஒண்டுமே இல்ல. ஸுல்பிகா ரீச்சர், என்ன மன்னிச்சிக்கங்க."

அழகரெத்தினம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். நஸீம் சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சஹ்லா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை என்றாலும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது.

முன் வாங்கில் ஸம்றா கையை உயர்த்தித் துள்ளினாள்.

"புடிச்சிட்டன் ரீச்சர்! இப்ப சொன்னதுதானே இண்டைக்கு நீங்க வேணுமெண்டு விட்ட பிழை?"