ஒரகடத்தில் நான் மாப்பிள்ளை விசாரித்த படலம்

ஒரகடம்,
திங்கட்கிழமை மாலை.

குடமுருட்டித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளும், எனக்குப் பின்னால் பிறந்தாலும் என்னை அதட்டும் அதிகாரத்தோடேயே பிறந்தவளுமான தங்கை ராமாயிக்கு அண்ணன் இராஜாங்கம் எழுதுவது. இங்கு நான், என் வேட்டி, என் துண்டு மூவரும் சுகம். அங்கு நீ, மச்சான் தியாகராசன், மாடு, கன்று, நாற்றங்கால் யாவரும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். உன் மகள் செம்மொழியின் நலத்தைத் தனியாகக் கேட்கவில்லை. அவள் நலத்துக்காகத்தான் இங்கே ஒரு நகரத்தையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்பாய். உன் போன் பேசினால் வலங்கைமான் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். மாப்பிள்ளை விசாரிப்பது ராஜாங்க ரகசியம். அதனால்தான் கும்பகோணம் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். புதன் காலை உனக்கு வந்துவிடும்.

போன தை மாதம் நான் பார்த்துவிட்டு வந்து "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சொன்ன பையனுக்கு ஏற்கெனவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்ததை நீ மறக்கவில்லை. "இந்தத் தடவையும் தப்பா சொன்னீங்கன்னா என் வாசப்படி ஏறாதீங்கண்ணே" என்று நீ பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னதை நானும் மறக்கவில்லை. பேராவூரணிக்காரர்கள் வெற்றிலை பாக்கு மாற்ற வெள்ளிக்கிழமை வருகிறார்கள். இந்த ஒரகடத்துக் கார் கம்பெனியில் இருக்கும் அவர்கள் மகன் பகலவன் நல்லவனா கெட்டவனா என்பது என் ஒரு சொல்லில் தொங்குகிறது. ஆகவே உயிரைக் கொடுத்து விசாரித்தேன். கேள்.

நம் பக்கத்தில் எப்படி விசாரிப்போம்? ஊர் முனையில் இறங்குவோம், டீக்கடையில் உட்காருவோம், "இன்னார் மகன் எப்படி?" என்போம். அவன் தாத்தா எந்த வாய்க்காலில் வழுக்கி விழுந்தார் என்பது வரைக்கும் ஒரே டீயில் தெரிந்துவிடும். அதே முறையை இங்கேயும் கையாண்டேன். டீ போட்டவர் பாலக்காடு. "ஞான் வந்நிட்டு ஆறு மாசமே ஆயுள்ளூ" என்றார், வந்தே ஆறு மாசம்தானாம். பக்கத்தில் முடிவெட்டும் கடை, அவர் பீகார். புரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர் நேபாளம். கம்பெனி வாசலில் தொப்பி போட்டு நின்றவர் அசாம். காரிலிருந்து இறங்கியவர் கொரியா. எனக்கு அவர் போட்ட கும்பிடு இருக்கிறதே, நம் பஞ்சாயத்துத் தலைவர் ஓட்டுக் கேட்கும்போதுகூட அவ்வளவு குனிந்ததில்லை. இந்த ஊர்க்காரன் என்று ஒருவனையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெறி வந்துவிட்டது ராமாயி! கடைசியில் வெற்றிலைக் கடைக்காரர், "நான் இந்த ஊருதாங்க" என்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் சொன்னார், வந்து எட்டு வருஷம் ஆகிறதாம், சொந்த ஊர் செய்யாறாம். எட்டு வருஷம் இருந்தால் இங்கே அவர்தான் ஆதிகுடி!

என்னத்தைச் சொல்ல, அவ்வளவு பெரிய ஊர். ஏரிக்கரை மேலேயே தொழிற்சாலை, தொழிற்சாலைக்குப் பின்னால் தொழிற்சாலை. ஒரு வாசலில் கார் முளைக்கிறது, அடுத்த வாசலில் போன் முளைக்கிறது. நம் தாலுகாவில் ஒரு போகத்துக்கு விளைகிற நெல்மணிகளை எண்ணினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு பேர் ஒரு ஷிஃப்டுக்கு உள்ளே போகிறார்கள். கடைப் பலகைகளில் தமிழ், இந்தி, ஒடியா, அப்புறம் வட்டமும் கோடுமாகக் கொரியா எழுத்து. எதையும் படிக்க முடியாவிட்டாலும் எல்லாக் கடையிலும் டீ கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்தேன்.

இனிமேல்தான் கூத்து. வாய்ப்பேச்சு உதவாது என்று தெரிந்ததும் நீ கொடுத்த மாப்பிள்ளை போட்டோவை எடுத்தேன். அதை எடுத்த ஸ்டூடியோக்காரன் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்து வைத்திருக்கிறான். மீசை ஒன்றுதான் மனிதனுடையது, மற்றது பால்கோவா. அதைக் காட்டி, "இந்தப் பையன்?" என்று கேட்டுக்கொண்டே தெருவில் நடந்தேன். பங்குனி வெயில். துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கண் சிவந்துவிட்டது. கையில் போட்டோ, கண்ணில் தண்ணீர், எழுபது வயசு. பார்ப்பவன் என்ன நினைப்பான்? மகனைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்!

பிரபாத் என்று ஓர் ஒடிசாக்காரன், கம்பி கட்டும் வேலை செய்கிறவன், என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "ஐயா, அழுவாதே. பையன் கிடைக்கும்" என்றான். நான் அழவே இல்லை என்று சொல்வதற்குள் சர்பத் வந்துவிட்டது. போட்டோவைப் போனில் படம் பிடித்தான். அடுத்த நிமிஷம் அது அனகாபுத்தூர் முதல் ஆந்திரா எல்லை வரை பறந்திருக்கும். அரை மணிக்குள் நாற்பது பேர். ஏழு பாஷை. என் மகனைப் பிடித்துக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த மகனுக்கு ஐம்பது வயசு. இரண்டாவது மகன் மணிப்பூர். மூன்றாவது மகன், "எங்கப்பா வந்தவாசியில உயிரோட இருக்காருய்யா, விடுங்கய்யா" என்று கெஞ்சினான். இப்படிப் பதினோரு மகன்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். குசேலனுக்கே இருபத்தேழுதான், இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் நான் அவனை ஜெயித்திருப்பேன்.

மூணு மணி ஷிஃப்ட் விட்டது. கம்பெனிக் கதவு திறந்ததும் நீலச் சட்டை வெள்ளம். அதற்குள் பாய்ந்து பிரபாத் ஒருவனை அலாக்காகத் தூக்கிவந்து என் முன் நிறுத்தினான். போட்டோவைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். அதே மீசை! நாற்பது பேரும் கைதட்டினார்கள். பீகார் நாவிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு ஒருவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? "யாருய்யா நீ?" என்று கத்தியிருப்பான். இவன் என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பிரபாத் தன் காதில் என்னவோ சொன்னதைக் கேட்டான். அப்புறம் மெதுவாக, "வாங்கய்யா, முதல்ல சாப்பிடுங்க. எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றான். பெண் வீட்டார் விசாரிக்க வந்திருக்கிறோம் என்பது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறான்! என்ன நாகரிகம்! நானும் லேசுப்பட்டவனா? ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. தெரிந்ததையே கேட்கிறவன் விசாரிக்கத் தெரியாதவன்.

அறைக்குக் கூட்டிப்போனான். ஆறு பேர், ஒடிசா, பீகார், அசாம், நேபாளம், ஆந்திரா, இவன். ஆறு தலையணைக்கு ஒரே சட்டம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, நாலு பாஷை எழுத்தில். செம்மொழி என்னிடம் கொடுத்தனுப்பிய ஒரே கேள்வி ஞாபகம் இருக்கிறதல்லவா? அவளுக்கும் இந்தப் பக்கம் போன் கம்பெனியில் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது, அவள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோறு யார் பொங்குவது என்று. சாடைமாடையாகக் கேட்டேன். "யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க உலை வைக்கணும்யா. ரூம் சட்டம்" என்றபடி அவனே அரிசி களைந்தான். ராமாயி, நம் வீட்டு ஆண்களில் அரிசி களைந்தவன் யாராவது உண்டா? மச்சானுக்கு அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது என்றாவது தெரியுமா?

சாக்கைப் பார்த்தேன். நம் பக்கத்து மில் அரிசி! என் நெஞ்சு விம்மிவிட்டது. நம் வயலில் நடவு நட்டது போன வருஷம் வந்த வங்காளத்துப் பெண்கள். அந்த நெல் அரிசியாகி இங்கே வந்து, ஒடிசாக்காரன் தட்டில் விழுந்து, அவன் தெம்பில் கட்டடம் எழும்பி, அதற்குள் நம் பிள்ளைகள் கார் செய்கிறார்கள். இதில் வரப்பில் குடை பிடித்து நின்றது தவிர நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். உடனே சாம்பார் வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

மற்ற ஐந்து பேரிடமும் அவரவர் பாஷையில் பேசுகிறான். அசாம்காரனின் அம்மா போனில் வந்தால் இவனும் நலம் கேட்கிறான். எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் பாய் விரித்திருக்கிறான். ஆகவே, தங்கையே, இடியே விழுந்தாலும் இவன்தான் மாப்பிள்ளை! தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். மச்சானுக்கு என் வணக்கம், செம்மொழிக்குப் பதினாறு செல்வத்தோடு பதினேழாவதாக இந்தப் பையனும் கிடைக்க என் ஆசி.

இப்படிக்கு,
இந்தத் தடவை தப்பாகச் சொல்லாத உன் அண்ணன்,
வை. இராஜாங்கம்

பின்குறிப்பு (செவ்வாய் காலை): உறையை ஒட்டப்போகும்போது பையன் இட்லிப் பொட்டலத்தோடு வந்து, "ஐயா, இப்பவாச்சும் சொல்லுங்க, உங்க பையன் பேரு என்ன? நேத்து நீங்க மனசு கலங்கிப்போயி இருந்தீங்கன்னு நாங்க யாரும் கேக்கல" என்றான். எனக்கு வாயில் இட்லி நின்றுவிட்டது. "பகலவன்" என்றேன். "பேராவூரணி பகலவன் அண்ணனா? அவரை குஜராத் பிளாண்டுக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சேய்யா! போனும் எடுக்க மாட்டேங்கிறாரு" என்றான். இவன் பெயர் அறிவுச்செல்வனாம். ஊர் நாகப்பட்டினமாம். கல்யாணம் ஆகவில்லையாம், இதை மட்டும் இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை, ஆள்தான் வேறு. பேராவூரணிக்காரர்களை வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்வதா, வேண்டாம் என்றால் யாரை வரச் சொல்வது என்பதைச் செம்மொழியிடமே கேட்டுச் சீக்கிரம் சொல். நாளை சாயங்காலம் ரயில். மகனிடம் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் பையன் நாலு நாள் லீவு போட்டு, குஜராத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான்.